மீன்பிடிக் கப்பல் கண்ணிவாரியானது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கடற்படை தன் நாட்டு மீன்பிடிக் கப்பல்களை ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டது. மூக்கில் ஒரு பீரங்கி, உடம்பில் சாம்பல் நிறப் பெயின்ட், பின்புறத்தில் கடற்படைக் கொடி. இவற்றோடு, எதிரி விதைத்துவிட்டுப் போன கடற்கண்ணிகளை வாரி எடுக்க அவற்றை அனுப்பியது. போர்க்கப்பல் ரசிகர்கள் பெரிய பீரங்கிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் இந்தக் கப்பல்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

நம் ஊர் விசைப்படகு போன்ற ஒன்றா இது?

இல்லை. ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் நாம் பார்க்கும் மரப் படகுகளை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கணக்குத் தப்பிவிடும். இங்கே பேசப்படுவது நிலக்கரியில் ஓடிய நீராவி டிராலர். முப்பது, நாற்பது மீட்டர் நீளம், இரும்பு அல்லது எஃகு உடல், நடுவில் நெட்டையான புகைபோக்கி. ஹல், கிரிம்ஸ்பி, ஃப்ளீட்வுட், அபர்டீன் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு, குளிர்காலத்து வட கடலிலும் ஐஸ்லாந்து வரையிலும் போய் இழுவை மடி, அதாவது கடலடியில் இழுக்கும் பை போன்ற வலை, போட்டு வந்த கப்பல்கள் இவை. முறை மட்டும் ஒன்றுதான்: கனத்த கம்பி வடத்தில் மடியைக் கட்டி, கடலடியில் மெதுவாக இழுத்துப் போவது, பிறகு வின்ச் என்னும் வடம் சுற்றும் எந்திரத்தால் மேலே ஏற்றுவது. இந்த முறைதான் கடற்படையின் கண்ணை இழுத்தது.

கடற்படையிடம் கப்பல் இல்லையா? மீனவர்களிடம் ஏன் போனார்கள்?

கப்பல் இருந்தது, இந்த வேலைக்கான கப்பல் இல்லை. ஒரு நாசகாரிக் கப்பலைக் கட்டப் பல மாதங்கள் ஆகும், பணமும் ஏராளம். அதைக் கண்ணி வயலில் நாள் முழுக்க ஊர்ந்து போகச் சொன்னால் எந்தத் தளபதிக்கும் மனம் வராது. மேலும், போர்க்கப்பலின் எந்திரம் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. பாரம் இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் மெதுவாகப் போவது அதற்கு ஒத்துவராது.

டிராலரோ பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்துவந்தது. வலுவான வின்ச், வடத்தைப் பக்கவாட்டில் இறக்குவதற்கான இரும்பு வளைவுகள், அலையில் தாக்குப்பிடிக்கும் உடல் எல்லாம் தயாராக இருந்தன. அதைவிடப் பெரிய விஷயம், வடத்தின் இழுவை மாறும்போது கீழே என்ன நடக்கிறது என்று உணரத் தெரிந்த ஆட்கள் அதில் இருந்தார்கள். என் கருத்தில், கடற்படை வாங்கியது கப்பலை அல்ல, அந்த ஆட்களின் பழக்கத்தைத்தான். இரும்பை வேறெங்கும் வாங்கியிருக்கலாம்.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது?

1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போர் எல்லா நாட்டுக் கடற்படைகளுக்கும் ஓர் அதிர்ச்சியைக் கொடுத்தது. 1904 ஏப்ரலில் ரஷ்யாவின் பெத்ரோபாவ்லோவ்ஸ்க் என்ற போர்க்கப்பல் கண்ணியில் மோதி மூழ்கியது. அட்மிரல் மகாரோவ் அதோடு போனார். அடுத்த மாதம் ஜப்பான் ஒரே நாளில் ஹட்சுசே, யஷிமா என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களைக் கண்ணிகளுக்குப் பறிகொடுத்தது. பீரங்கிச் சண்டையில் கிடைக்காத பலன், சும்மா மிதந்துகொண்டிருந்த இரும்புக் குண்டுகளால் கிடைத்தது.

பிரிட்டனில் இதை அக்கறையோடு கவனித்தவர்களில் ஒருவர் அட்மிரல் சார்ல்ஸ் பெரஸ்ஃபோர்டு. 1907-ல் கிரிம்ஸ்பிக்குப் போய் டிராலர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிட்டு, போர் வந்தால் கண்ணி வார இவர்களே போதும், இவர்கள்தான் வேண்டும் என்று கடற்படைத் தலைமையிடம் எழுதினார். மறு ஆண்டு அல்கோமா, ஆண்டிஸ் என்ற இரண்டு கிரிம்ஸ்பி டிராலர்களை வைத்துப் போர்ட்லாந்தில் சோதனை நடந்தது. மீனவர்கள் சுலபமாகத் தேறினார்கள். அதன்பின் கடற்படையின் காத்திருப்புப் படையில் டிராலர் பிரிவு என்று ஒன்று ஏற்பட்டது. சுமார் நூறு கப்பல்கள், அவற்றுக்கான ஆட்கள், ஆண்டுதோறும் சில நாள் பயிற்சி என்பது திட்டம்.

பெரஸ்ஃபோர்டுக்குச் சக அதிகாரிகளிடம் நல்ல பெயர் கிடையாது, சண்டைக்காரர். இந்த ஒரு விஷயத்தில் அவர் பார்வை தப்பவில்லை.

கடற்கண்ணி எப்படி வேலை செய்கிறது?

முதல் உலகப் போரில் பெரும்பாலும் இருந்தது தொட்டால் வெடிக்கும் வகை. உள்ளே வெடிமருந்தும் காற்றும் இருக்கும் ஓர் இரும்புக் கோளம் அது, மிதக்கும் தன்மை கொண்டது. அதை ஒரு கம்பிக் கயிறு கடலடியில் கிடக்கும் கனத்த எடையோடு கட்டிப்போட்டிருக்கும். கயிற்றின் நீளத்தைச் சரியாக வைத்தால், கண்ணி நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கும்.

கோளத்தின் மேல் ஈயத்தாலான கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். கப்பல் மோதினால் ஈயம் வளையும்; உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பி உடையும்; அதிலுள்ள அமிலம் கீழே ஒரு மின்கலத்துக்குள் வடியும். அந்த நொடியில் மின்சாரம் பிறந்து வெடி தூண்டப்படும். மின்சாரத்தை முன்கூட்டியே சேமித்து வைக்க வேண்டிய அவசியமில்லை என்பதால் கண்ணி பல ஆண்டுகள் கெடாமல் காத்திருக்கும்.

அதை எப்படி வாரினார்கள்?

இரண்டு டிராலர்கள் ஜோடியாகப் போகும். இடையே சுமார் 450 மீட்டர் தூரம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீளமான கம்பி வடம் ஒன்று கடலுக்குள் தொங்கும். கரைவலையின் இரு முனைகளையும் இரண்டு அணியினர் பிடித்து இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இங்கே கரை இல்லை, இரு முனைகளும் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

வடம் தானாக மேலே எழும்பிவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு கப்பலின் பின்னாலும் மரமும் இரும்பும் சேர்த்துச் செய்த ஒரு கனத்த சட்டத்தை இறக்குவார்கள். அதைப் பட்டம் என்றே அழைத்தார்கள். வானத்துப் பட்டம் காற்றில் மேலே ஏறும், இது நீரோட்டத்தில் கீழே இறங்கும். வடத்தை வேண்டிய ஆழத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்வது இதன் வேலை. கனத்த இந்தப் பட்டத்தை ஆடும் கப்பலில் இறக்கி ஏற்றும்போது கை கால் போனவர்கள் உண்டு. எதிரியே தேவையில்லை.

வடம் போகும் வழியில் கண்ணியின் கயிறு குறுக்கிட்டால் அதை உரசி அறுக்கும், அல்லது எடையோடு சேர்த்து இழுத்துப் போகும். அறுபட்ட கண்ணி துள்ளி நீர்மட்டத்துக்கு வரும். உடனே துப்பாக்கியால் சுடுவார்கள். கொம்பில் குண்டு பட்டால் வெடிக்கும். கோளத்தில் துளை விழுந்தால் தண்ணீர் புகுந்து அமிழும். அலையில் ஏறி இறங்கும் இலக்கை ஆடும் தளத்திலிருந்து சுடுவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே கண்ணிக்குத் தோட்டாக்கள் மளமளவென்று தீரும்.

இதில் ஓர் அபத்தம் உண்டு. வடம் கப்பலுக்குப் பின்னால் போகிறது, கப்பல் முன்னால் போகிறது. ஆகவே வாரப்படாத நீரில் முதலில் நுழைவது வாருகிறவனே. அதிலும் டிராலர் ஆழமாக அமிழ்ந்து மிதக்கும் கப்பல். பின்புறம் நான்கு மீட்டர் அளவுக்கு நீருக்குள் இருக்கும். நீர் ஏற்றத்தின்போது கண்ணிகளின் தலைக்கு மேலே கடந்து போய்விடலாம். நீர் வற்றும்போது அதே கண்ணி அடிப்பகுதியில் இடிக்கும். அதனால்தான் ஏற்ற இறக்க நேரப் பட்டியல் இவர்களுக்கு உயிர்நாடியாக இருந்தது. ஆழம் குறைந்த துடுப்புச்சக்கர உல்லாசக் கப்பல்களையும் பிற்பாடு இந்த வேலைக்குக் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம்.

போருக்குப் பின் ஒரு கப்பலே தனியாக வாரும் முறை வந்தது. 1919-ல் ஓரோபேசா என்ற டிராலரில் அதைச் சோதித்துப் பார்த்ததால் அந்தச் சாதனத்துக்கே ஓரோபேசா என்று பெயர் நிலைத்தது. வடத்தைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்க ஒரு பலகை, அது அமிழாமல் இருக்க ஒரு மிதவை. இழுவை மடியின் வாயை விரித்து வைக்கும் பலகையின் தத்துவம்தான் இது. மீன்பிடித் தொழில் கடற்படைக்குக் கொடுத்த நேரடிக் கொடை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

கப்பலில் என்னென்ன மாற்றினார்கள்?

நினைப்பதைவிடக் குறைவு. முன்தளத்தின் அடியில் தாங்குகட்டைகள் கொடுத்து மேடை அமைத்து, ஒரு சிறு பீரங்கியை ஏற்றினார்கள். மீனும் ஐஸும் நிரப்பும் கிடங்கைச் சுத்தம் செய்து, படுக்கைகள் போட்டு, கூடுதல் ஆட்கள் தங்கும் இடமாக்கினார்கள். எத்தனை முறை கழுவினாலும் மீன் வாடை போகவில்லை என்பது அங்கே படுத்தவர்களின் நிரந்தரக் குறை. மீன்பிடிப் பதிவு எண்ணை அழித்துவிட்டுக் கடற்படை எண் எழுதினார்கள். சிலவற்றுக்கு வயர்லெஸ் கருவி வைத்தார்கள். நீர்மூழ்கிகளின் தொல்லை கூடியபோது, அவற்றைத் தாக்க நீருக்கடியில் வெடிக்கும் வெடிபீப்பாய்களும் வந்தன.

வின்ச் இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கவாட்டு இரும்பு வளைவுகளும் அப்படியே. மடி இருந்த இடத்தில் வடம் வந்ததுதான் வித்தியாசம்.

எந்த மீன்பிடிக் கப்பலை எடுத்தாலும் போதுமா?

போதாது. இதை அமெரிக்கர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். 1917-ல் போரில் இறங்கியதும், தங்கள் கிழக்குக் கரையில் மென்ஹேடன் என்னும் மீனைப் பிடித்துவந்த கப்பல்களைக் கடற்படை வாங்கியது. மென்ஹேடன் நம் மத்திக்கு உறவு; எண்ணெய் எடுக்கப் பயன்படுவது. கரையை ஒட்டிய நீரில் சுருக்குவலை போடும் கப்பல்கள் அவை. அவற்றுக்குப் பீரங்கி பொருத்தி அட்லான்டிக்கைக் கடந்து பிரான்சுக்கு அனுப்பினார்கள். அவற்றில் ரெஹோபத் என்ற கப்பல் 1917 அக்டோபரில் பிரான்சின் உஷான் தீவுப் பக்கம் கடும் காற்றில் நீர் புகுந்து மூழ்கியது. கண்ணியும் இல்லை, எதிரியும் இல்லை. மேற்புறம் கனத்துப்போன இந்த வகைக் கப்பல் அந்தக் கடலுக்கு லாயக்கில்லை என்று முடிவாயிற்று.

பிரிட்டனிலும் வேறுபாடு இருந்தது. ஹெர்ரிங் பிடிக்கும் டிரிஃப்டர்கள் வலையை மிதக்கவிட்டுக் காத்திருப்பவை, இழுப்பவை அல்ல. எனவே நீர்மூழ்கிகளைச் சிக்கவைக்கும் எஃகு வலைகளைப் போடவும் காவல் காக்கவும் அவற்றைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். எந்தக் கப்பல் எந்தத் தொழிலில் பழகியதோ அதற்கு நெருக்கமான போர்வேலையைக் கொடுத்தபோது காரியம் நடந்தது.

ஓட்டியவர்கள் கடற்படையினரா, மீனவர்களா?

மீனவர்கள். ஒரு குழுவின் தலைமையில் கடற்படை அதிகாரி ஒருவர் இருப்பார். தனித்தனிக் கப்பல் அதன் ஸ்கிப்பரின், அதாவது மீன்பிடிக் கப்பல் தலைவரின், பொறுப்பில் இருக்கும். ஸ்கிப்பருக்கு வாரன்ட் அதிகாரி அந்தஸ்து. சீருடை கொடுத்தார்கள். அதை ஒழுங்காகப் போட்டுக்கொள்ள வைப்பது இன்னொரு போர். சல்யூட் அடிப்பதையும் வரிசையில் நிற்பதையும் இவர்கள் கடைசிவரை ஒரு விளையாட்டாகவே கருதினார்கள். கம்பளிச் சட்டையும் மீன்பிடிக் காலணியுமாகத் தளத்தில் நின்றவர்களைப் பார்த்து முகம் சுளித்த அதிகாரிகள், புயலில் அவர்கள் பட்டத்தை ஏற்றுவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டாம் போரில் இந்த மீனவர் பிரிவின் தலைமையகம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள லோஸ்டாஃப்ட் நகரில் இருந்தது. ஸ்பாரோஸ் நெஸ்ட் என்ற பூங்காவும் அதன் இசையரங்கும் பாசறையாக மாறின. ஹாரி டேட்டின் கடற்படை என்று இந்தப் படைக்குக் கேலிப்பெயர். ஹாரி டேட் அந்தக் காலத்து மேடை நகைச்சுவை நடிகர், ஓடாத மோட்டார் காரோடு மல்லுக்கட்டுவது அவருடைய புகழ்பெற்ற காட்சி. கேலியை இவர்கள் விருதாகவே ஏற்றுக்கொண்டார்கள். இந்தப் பிரிவுக்கென்று தனியாக வெள்ளிப் பதக்கச் சின்னமும் உண்டு. லோஸ்டாஃப்டின் பெல் வியூ பூங்காவில் நிற்கும் நினைவுத்தூணில், கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத 2,385 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

முதல் கண்ணி எப்போது விதைக்கப்பட்டது?

பிரிட்டன் போர் அறிவித்த மறுநாளே, 1914 ஆகஸ்ட் 5. விதைத்தது கோனிகின் லூயிஸே என்ற ஜெர்மன் கப்பல். அதுவும் ஒரு சிவிலியன் கப்பல்தான், விடுமுறைப் பயணிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது. சஃபோக் கரைக்கு அப்பால் கண்ணிகளைக் கொட்டிக்கொண்டிருந்தபோது ஆம்ஃபியன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் அதன் துணைக் கப்பல்களும் துரத்திப் பிடித்து மூழ்கடித்தன. மறுநாள் காலை, திரும்பும் வழியில் ஆம்ஃபியன் அதே கண்ணிகளில் மோதி மூழ்கியது. முந்தின நாள் நீரிலிருந்து காப்பாற்றிச் சிறைபிடித்திருந்த ஜெர்மானியர்களில் சிலரும் தங்கள் கண்ணிக்கே பலியானார்கள்.

ஸ்கார்பரோவில் என்ன நடந்தது?

1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் இங்கிலாந்தின் கிழக்குக் கரை நகரங்களான ஸ்கார்பரோ, விட்பி, ஹார்ட்டில்பூல் மீது குண்டு பொழிந்தன. எல்லோரும் குண்டு விழுந்த இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோல்பெர்க் என்ற கப்பல் ஸ்கார்பரோவுக்கு வெளியே நூறு கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் கரையோரப் பாதையில்தான் லண்டனுக்கு நிலக்கரி போகும்.

சில நாட்களில் கிரிம்ஸ்பி டிராலர்கள் வாரத் தொடங்கின. 19-ஆம் தேதி அவை கண்ணி வயலின் நடுவே அகப்பட்டன. சில நிமிடங்களில் சுற்றிலும் வரிசையாக வெடிப்புகள். நீரும் வற்றிக்கொண்டிருந்தது. ஓரியாண்டா என்ற டிராலர், எந்திரம் ஓடிக்கொண்டிருந்தபடியே முன்னோக்கிப் போய்க்கொண்டே அமிழ்ந்தது. பாஸிங் என்ற கப்பல் பலத்த சேதத்தோடு கரைக்கு இழுத்து வரப்பட்டது. நீர் ஏறும்வரை நங்கூரமிட்டு நிற்பது என்று மற்றவை முடிவு செய்தன. ஓடித் தப்ப முயன்றால் இன்னொன்றில் மோதத்தான் வேண்டும். பிறகு குளிர்காலம் முழுக்க அந்த இடத்தைத் துப்புரவாக்கும் வேலை நடந்தது. நூறு கண்ணி போட ஒரு கப்பலுக்கு ஒரு காலைப்பொழுது. அகற்ற ஒரு கூட்டத்துக்கு மாதங்கள். கண்ணிப் போரின் கணக்கு எப்போதும் இப்படித்தான் ஒருபக்கமாகச் சாயும்.

இதன் விளைவாகக் கிழக்குக் கரை நெடுகிலும் மிதவைகளால் குறியிட்ட ஒரு பாதை உருவாயிற்று. தினமும் அதை வாருவார்கள், வணிகக் கப்பல்கள் அதற்குள்ளேயே போகும். நேற்று வாரிய இடத்தில் இரவில் நீர்மூழ்கி வந்து புதிதாகப் போட்டிருக்கலாம் என்பதால் இன்றும் வார வேண்டும். வீரக்கதை எழுத இடமே தராத வேலை.

டார்டனெல்ஸில் மீனவர்கள் பயந்து ஓடிவிட்டார்களாமே?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பதிலும் சற்று நீளம்.

1915 தொடக்கத்தில் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையைக் கப்பல்களால் மட்டுமே உடைத்துக்கொண்டு போக முயன்றன. போர்க்கப்பல்கள் கோட்டைகளை அடக்க வேண்டும். கோட்டைகளை நெருங்க வேண்டுமானால் கண்ணிகளை வார வேண்டும். கண்ணிகளை வார வேண்டுமானால் அவற்றைக் காக்கும் கரைப் பீரங்கிகளை அடக்க வேண்டும். இந்த வட்டத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தப்பட்டவை வட கடலிலிருந்து வந்த டிராலர்கள்.

நீரிணையின் ஓட்டம் மர்மரா கடலிலிருந்து வெளியே வருவது; வேகமான இடங்களில் மணிக்கு நான்கு கடல் மைல் வரை. வடத்தை இழுக்கும் டிராலரின் வேகம் ஐந்து, ஆறு கடல் மைல். எதிர்நீச்சலில் இரண்டையும் கழித்துப் பாருங்கள். தேடுவிளக்குகளின் வெளிச்சத்தில், இரு கரைகளிலிருந்தும் பீரங்கிகள் சுட, நடைவேகத்துக்கும் குறைவாக ஊர்ந்துபோகும் கப்பலில் நின்றுகொண்டு வடம் இழுக்கச் சொன்னார்கள். மேல்நோக்கி இழுக்க முடியாது என்று தெரிந்ததும், கண்ணி வயலைக் கடந்து மேலே போய்த் திரும்பி, ஓட்டத்தோடு வாரிக்கொண்டு வருவது என்று திட்டத்தை மாற்றினார்கள். அதாவது வாரப்படாத கண்ணிகளின் மேலேயே முதலில் போக வேண்டும்.

மார்ச் 10 இரவு முயன்றதில் ஒரு டிராலர் கண்ணியில் மோதிப் போயிற்று. சில ஜோடிகள் பட்டங்களை இறக்காமலே திரும்பின. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியான கொமடோர் ரோஜர் கீஸ் கொதித்துப்போனார். கண்ணியில் வெடித்துச் சாவது தங்கள் தொழிலோடு வந்தது, ஆனால் பீரங்கிச் சூட்டுக்கு நடுவே நிற்பதைப் பேசவில்லை என்பது மீனவர்களின் நிலை. கீஸ் கூடுதல் பணம் தருவதாகச் சொன்னார், கடற்படையிலிருந்து தன்னார்வலர்களைக் கப்பல்களில் ஏற்றினார். மார்ச் 13 இரவு அவர்களும் சேர்ந்து முயன்றார்கள். துணிச்சலுக்குக் குறைவில்லை, டிராலர்கள் அடிபட்டு வேலைக்கு ஆகாமல் போயின, துணைக்கு நின்ற அமெதிஸ்ட் கப்பலில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்ணி வயல் அப்படியே இருந்தது.

இந்த இரண்டாவது இரவை மறந்துவிட்டு முதல் இரவை மட்டும் சொல்பவர்கள்தான் மீனவர்களைக் கோழைகள் என்கிறார்கள். பயிற்சி பெற்ற கடற்படை வீரர்களாலும் முடியாததை, பயத்தால் விட்டுவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? கப்பலின் எந்திரத்துக்குச் சக்தி இல்லை என்பது இரும்பின் குறை. அதை அங்கே அனுப்பியது திட்டம் போட்டவர்களின் குறை.

மார்ச் 18 பெருந்தாக்குதலின் முடிவு தெரிந்ததுதான். பத்து நாட்களுக்கு முன்பு நுஸ்ரத் என்ற சிறு துருக்கிக் கப்பல் எரென்கோய் விரிகுடாவில், கரைக்கு இணையாக 26 கண்ணிகளை இரகசியமாகப் போட்டிருந்தது. பிரான்சின் ‘பூவே’ என்ற போர்க்கப்பல் இரண்டே நிமிடங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் போயின. அதன் பிறகுதான் வேகமான நாசகாரிக் கப்பல்களில் வாரும் சாதனங்களைப் பொருத்தினார்கள். முன்பே செய்திருக்கலாம்.

கப்பல் முதலாளிகளுக்குப் பணம் கிடைத்ததா?

கிடைத்தது. பெரும்பாலானவை வாடகைக்கு எடுக்கப்பட்டவை; மூழ்கினால் ஈடு. நல்ல டிராலர்கள் போய்விட்டதால் கரையில் மீன் விலை ஏறி, மிஞ்சிய பழைய கப்பல்களை வயதானவர்களை வைத்து ஓட்டியவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். இரண்டாம் போரில் பிரிட்டனில் இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது, மீனுக்கு வரவில்லை. ஆனால் கடையில் மீன் இருந்தால்தானே.

காந்தக் கண்ணி வந்தபோது டிராலர்கள் என்ன ஆயின?

1939-ல் ஜெர்மனி போட்ட புதுக் கண்ணிக்குக் கயிறு இல்லை. கடலடியில் கிடக்கும், மேலே போகும் இரும்புக் கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும். அறுக்கக் கயிறில்லாத இடத்தில் வடத்தால் என்ன பயன்? அந்த ஆண்டு நவம்பரில் விமானத்திலிருந்து தப்பி விழுந்த ஒரு கண்ணி, தேம்ஸ் ஆற்று முகத்திலுள்ள ஷூபரினஸ் சேற்றில் நீர் வற்றியபோது கிடைத்தது. 23-ஆம் தேதி ஜான் ஊவ்ரி என்ற கடற்படை அதிகாரி அதைக் கையால் பிரித்துச் செயலிழக்கச் செய்தார். இரகசியம் வெளிப்பட்டது.

அதன்பின் வடத்துக்குப் பதில் மின்கம்பி. இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாகப் போய், மிதக்கும் நீண்ட கம்பிகளை இழுத்து, கடல்நீரிலேயே மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சும். பின்னால் பாதுகாப்பான தூரத்தில் கண்ணி வெடிக்கும். எஃகு டிராலர்களைச் சுற்றிக் கம்பிச்சுருள் கட்டி அவற்றின் காந்தத்தன்மையைத் தணித்தார்கள். மர டிரிஃப்டர்களுக்குத் திடீர் மவுசு வந்தது. சிறு படகுத்துறைகளில் தச்சர்களை வைத்து மரத்தாலான புதிய கண்ணிவாரிகளையும் ஏராளமாகக் கட்டினார்கள். ஒலிக்கு வெடிக்கும் கண்ணி வந்ததும், கப்பலின் மூக்கில் இரும்புப் பெட்டிக்குள் சம்மட்டியை வைத்து ஓயாமல் அடிக்க விட்டார்கள். 1944-ல் நீரழுத்தத்துக்கு வெடிக்கும் வகை வந்தபோது அதற்குச் சரியான வாரும் முறையே அமையவில்லை. மெதுவாகப் போவதுதான் ஒரே வழி.

ஜெர்மனியும் இதைச் செய்ததா?

செய்தது. மீன்பிடிக் கப்பல்களைக் காவல் வேலைக்கும் கண்ணி வாரவும் எடுத்தார்கள். இரண்டாம் போரில் ஒருபடி மேலே போய், போர் முடிந்ததும் மீனவர்களிடம் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு, மீன்பிடிப் படகின் வடிவத்திலேயே புதிய கடற்படைப் படகுகளை 600-க்கும் மேல் கட்டினார்கள். போரில் தப்பியவை பல பின்னர் மீன் பிடிக்கவும் செய்தன.

இந்தியப் பெருங்கடலில் இப்படி எதுவும் நடந்ததா?

நடந்தது. 1917 பிப்ரவரியில் வுல்ஃப் என்ற ஜெர்மன் கப்பல் சரக்குக் கப்பல் வேடத்தில் வந்து கொழும்புக்கு வெளியிலும் பம்பாய்க்கு வெளியிலும் கண்ணிகளைப் போட்டது. அதே மாதம் கொழும்பு அருகே வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரு கப்பல்கள் மூழ்கின. ஜூனில் பம்பாய்ப் பக்கம் மங்கோலியா என்ற பயணிகள் கப்பல் போயிற்று. எம்டன் மெட்ராஸ் மீது குண்டு போட்டதை இன்றும் பேசும் நாம் வுல்ஃபை மறந்துவிட்டோம். சத்தமில்லாமல் செய்தது காரணமாக இருக்கலாம்.

இரண்டாம் போரில் இலங்கைக்கு இதில் நேரடிப் பங்கு இருந்தது. 1937-ல் தொடங்கிய இலங்கைக் கடற்படைத் தன்னார்வப் படை, போரின் நடுவே பிரிட்டிஷ் கடற்படையின் காத்திருப்புப் பிரிவாக இணைக்கப்பட்டது. துறைமுகங்களுக்கு வெளியே கண்ணி வாருவது அதன் முதல் வேலைகளில் ஒன்று. பீரங்கியும் வாரும் சாதனமும் பொருத்திய டிராலர்களையும் இழுவைக் கப்பல்களையும் அவர்கள் ஓட்டினார்கள். அவற்றில் ஓவர்டேல் வைக் என்ற டிராலர், இலங்கை அரசு சொந்தமாக வாங்கிய முதல் கப்பல். இன்றைய இலங்கைக் கடற்படையின் வரலாறு ஒரு மீன்பிடிக் கப்பலில் தொடங்குகிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

போர் முடிந்ததும் கப்பல்கள் திரும்ப மீன் பிடிக்கப் போயினவா?

உடனே அல்ல. துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் கண்ணிகள் அங்கேயே இருந்தன. 1919 முழுக்க அவற்றை அகற்றத் தனிப் பணி நடந்தது. போருக்குப் பின்னும் ஆட்கள் இறந்தார்கள். அதன்பின் பீரங்கியைக் கழற்றி, கிடங்கில் மறுபடி ஐஸ் நிரப்பி, பழைய எண்ணோடு கடலுக்குப் போன கப்பல்கள் பல. அவற்றில் சில இரண்டாம் போரில் மீண்டும் அழைக்கப்பட்டன.

மடியில் கண்ணி ஏறுவது அதற்குப் பின்னும் நிற்கவில்லை. 2005-லும் வட கடலில் டச்சு மீன்பிடிக் கப்பல் ஒன்றின் வலையில் ஏறிய இரண்டாம் போர்க் குண்டு வெடித்து மூவர் இறந்தார்கள்.

இன்று பார்க்கக் கூடிய கப்பல் ஏதேனும் உண்டா?

ஒன்று உண்டு, ஆனால் தொலைவில். வயோலா என்ற டிராலர் 1906-ல் பெவர்லியில் கட்டப்பட்டு ஹல்லின் ஹெல்யர் நிறுவனத்துக்காக ஓடியது. தன் கப்பல்களுக்கு ஷேக்ஸ்பியர் பாத்திரங்களின் பெயர் வைப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். 1914-ல் கடற்படை எடுத்துக்கொண்டது. ஷெட்லாந்துப் பக்கமும் பின்னர் டைன் ஆற்று முகத்திலுமாகப் பணியாற்றி, 1918-ல் இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகளை மூழ்கடித்த தாக்குதல்களில் பங்கெடுத்தது. பிறகு நார்வேக்கு விற்கப்பட்டு, டியாஸ் என்று பெயர் மாறி, தெற்கு அட்லான்டிக்கில் கடல்நாய் வேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது தெற்கு ஜார்ஜியா தீவில் கிரிட்விக்கன் என்ற கைவிடப்பட்ட திமிங்கில நிலையத்தின் கரையில், நீராவி எந்திரத்தோடு நிற்கிறது. ஹல்லுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஓர் இயக்கம் பாடுபட்டு வருகிறது.

இங்கிலாந்திலேயே பார்க்க விரும்புவோர் லோஸ்டாஃப்டில் ஸ்பாரோஸ் நெஸ்ட் பூங்காவிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஹல் நகரத்தின் ஆர்க்டிக் கார்செர் டிராலரைக் கண்ணிவாரி என்று சிலர் தவறாக எழுதுகிறார்கள். அது 1960-ல் கட்டப்பட்டது, எந்த உலகப் போரையும் பார்க்கவில்லை. அது பார்த்த ஒரே சண்டை ஐஸ்லாந்தோடு மீன்பிடி எல்லைக்காக நடந்தது: 1976-ல் ஐஸ்லாந்துக் காவல் கப்பலான ஓதின் மீது மோதியது.